பசை காய்ந்த காலம்

சனிக்கிழமை சாயங்காலங்களில் நாலைந்து பிள்ளைகள் என் வீட்டுக்கு வருகிறார்கள். பிளாஸ்டிக் கிட் வாங்கி விமானமும் டாங்கியும் ஒட்ட ஆரம்பித்தவர்கள். எந்தப் பசை, எந்த ஏர்பிரஷ், எத்தனையாம் நம்பர் உப்புத்தாள் என்றுதான் கேட்பார்கள். பதில் சொல்வேன். ஆனால் சொல்ல வேண்டியது அதுவல்ல என்று அவர்கள் செருப்பு மாட்டும்போது தோன்றும். நான் ஒட்ட ஆரம்பித்து ஐம்பத்தேழு வருஷம் ஆகிறது. அதில் இரண்டரை வருஷம் மேஜைப் பக்கமே போகவில்லை. கை ஒடியவில்லை, காசு தீரவில்லை. ஆசை போய்விட்டது, அவ்வளவுதான். உங்களுக்கும் என்றைக்காவது போகும். அதற்காக இந்தக் குறிப்புகள். வரிசைக்கு அர்த்தம் ஒன்றும் இல்லை.

1. முதல் மாடலைத் திருத்தாதீர்கள்.

1965 சண்டையின்போது எனக்குப் பதினோரு வயது. பேப்பரைத் திறந்தால் நாட் விமானம். இத்தனூண்டு விமானம் பாகிஸ்தானின் சேபர் ஜெட்டை விழுத்தாட்டியது என்று தெருவெல்லாம் அதே பேச்சு. மூன்று வருஷம் கழித்து மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய சாமான் கடையில், கண்ணாடிப் பைக்குள் ஏர்ஃபிக்ஸ் கம்பெனியின் நாட் கிட் தொங்கியது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஏதோ ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் போட்டுவிட்டுப் போனதாக இருக்கும். எங்கள் பெரம்பூரிலிருந்து அப்போது நிறையப் பேர் கப்பல் ஏறினார்கள், அவர்களுடைய பியானோவிலிருந்து பிள்ளைகளின் பொம்மைவரை மார்க்கெட்டுக்கு வந்தது. பையில் பசை இல்லை. தெருமுனை பெயின்டரிடம் ஒரு மூடி தின்னர் வாங்கி, குச்சியில் தொட்டுத் தடவினேன். ஒட்டிக்கொண்டது. கூடவே இடது இறக்கையின் ஓரமும் உருகியது. வெளியே காவி, நடுவே வெள்ளை, உள்ளே பச்சை என்று நம் விமானப்படை வட்டத்தைக் கையாலேயே வரைந்தேன். வட்டம் முட்டை மாதிரி வந்தது. ஒரு வாரம் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கினேன்.

இருபது வருஷம் கழித்து ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்தக் கிட் பிரிட்டிஷ் விமானப்படையின் பயிற்சி விமானம். இரண்டு இருக்கை, கொஞ்சம் பெரிய இறக்கை. நம்மவர்கள் 1965-இல் ஓட்டியது ஒற்றை இருக்கை. மூக்கிலிருந்து வால்வரை என்னுடையது தப்பு. அன்று ராத்திரி ரம்பத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன், பின் இருக்கையை அறுத்து மூடிவிட. என் மனைவி எட்டிப் பார்த்து, "அது என்னங்க பாவம் பண்ணிச்சு?" என்றாள். ரம்பத்தைக் கீழே வைத்தேன். அந்த நாட் இன்றும் டிவி அலமாரியில் இருக்கிறது, இரண்டு இருக்கையோடு. வறண்ட காலத்தில் நான் செய்த எத்தனையோ நல்ல மாடல்களைப் பார்த்து ஒன்றும் தோன்றவில்லை. இதைப் பார்த்தால் மட்டும் தின்னர் வாசனை வந்தது.

2. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பிளாஸ்டிக் பசை ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்தையும் கரைத்து ஒன்றாக்குகிறது. அதைச் செய்யும் திரவம் உங்கள் நுரையீரலுக்கும் நல்லதில்லை. தலைவலியோடு எழுந்திருப்பவருக்கு எந்த விளையாட்டிலும் ஆசை நிலைக்காது.

3. நேரம் நிறையக் கிடைத்தால் நிறைய செய்யலாம் என்று நம்பாதீர்கள்.

நான் ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்தேன். பகலெல்லாம் டன் கணக்கில் இரும்பு. ராத்திரி எட்டரைக்குச் சாப்பிட்டுவிட்டு மேஜைக்கு வந்தால், சாமணத்தின் நுனியில் நிற்கும் ஒரு சக்கரம் அத்தனை லேசாக இருக்கும். பத்தரைக்கு விளக்கை அணைக்க வேண்டும், இல்லையென்றால் காலை ஷிஃப்டுக்கு எழுந்திருக்க முடியாது. அந்த இரண்டு மணி நேரத்தில் வருஷத்துக்கு ஆறேழு மாடல் முடித்தேன். பாதியில் விட்டு எழுந்தால், மறுநாள் முழுக்க அந்தப் பாதி மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். டீ குடிக்கும்போது வால் பகுதிக்கு என்ன நிறம் கலப்பது என்று முடிவாகிவிடும்.

2014-இல் ஓய்வு பெற்றேன். மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இனி இருபத்து நாலு மணி நேரமும் நம்முடையது என்று மேஜையைப் பெரிதாக்கினேன், புது விளக்கு வாங்கினேன். முதல் வருஷம் நாலு மாடல். அடுத்த வருஷம் இரண்டு. எப்போது வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், இப்போதே செய்ய வேண்டும் என்று எதுவும் உந்துவதில்லை. காலையில் உட்கார்ந்து, ஒரு பாகத்தைப் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, பேப்பர் படித்து, மறுபடி தேய்த்து... மதியம் தூக்கம். 2020 ஊரடங்கில் வீட்டில் அடைபட்ட உலகமே கிட் வாங்கி ஒட்டியது. கடைகளில் சரக்கு கிடைக்கவில்லை என்றார்கள். என் வீட்டில் வேண்டிய சரக்கு இருந்தது. தொடவில்லை.

வேலைக்குப் போகிற, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் "நேரமே இல்லை தாத்தா" என்கிறீர்கள். அதை ஒரு குறையாகச் சொல்லாதீர்கள்.

4. ஆராய்ச்சி கொஞ்சம் போதும்.

எனக்கு இது ஒரு நோயாகவே வந்தது, அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

என் பாட்டி சிறு பெண்ணாக ஜார்ஜ் டவுனில் இருந்தபோது, 1914 செப்டம்பர் 22 ராத்திரி ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. மறுநாள் ஊரே மூட்டை கட்டியது. பாட்டி வீட்டார் மாட்டு வண்டியில் ஊரை விட்டுப் போனார்கள். சாகும்வரை எங்களில் யார் தந்திரம் செய்தாலும் "எம்டன்டா நீ" என்பாள். அந்தக் கப்பலைச் செய்துவிட வேண்டும் என்று நாற்பது வருஷ ஆசை. 2018-இல் மகன் ரெவெல் கம்பெனியின் எம்டன் கிட் வரவழைத்துக் கொடுத்தான். 350-இல் ஒரு பங்கு அளவு. முடித்தால் நீளம் 34 சென்டிமீட்டர்.

பெட்டியைத் திறந்தேன், மூடினேன். எம்டனுக்குப் புகைபோக்கி மூன்று. எதிரியை ஏமாற்ற, மரச் சட்டமும் கித்தானும் கொண்டு நாலாவது ஒன்றைக் கட்டி நிறுத்துவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பிரிட்டிஷ் கப்பல் மாதிரி தெரியும். அந்த நாலாவதை நானும் செய்து வைக்க வேண்டும் என்று ஆசை. என்ன உயரம்? எந்தக் கோணம்? கித்தானில் சுருக்கம் விழுந்ததா? அமைதிக் காலத்தில் அது வெள்ளைக் கப்பல், கிழக்கின் அன்னம் என்றே பெயர். சண்டை வந்ததும் சாம்பல் அடித்தார்கள். எந்தச் சாம்பல்? உயர்நீதிமன்றத்துக்குப் போய்ச் சுவரில் இருக்கும் எம்டன் கல்வெட்டை இரண்டு தடவை பார்த்துவிட்டு வந்தேன், அதில் சாம்பலைப் பற்றி எழுதியிருக்கும் என்பதுபோல. மாலுமிகள் எழுதிய நினைவுக் குறிப்பு, பழைய போட்டோ, ஜெர்மன் வரைபடம். ஏழு மாதம். ஒரு நோட்டுப் புத்தகம் நிரம்பியது. சட்டத்திலிருந்து ஒரு பாகம்கூட வெட்டவில்லை. தெரியத் தெரியத் தப்பு செய்யும் பயம் கூடியது. தப்பு செய்யும் பயத்தில் இருப்பவன் பசையைத் திறப்பானா?

1968-இல் இரண்டு இருக்கையா ஒரு இருக்கையா என்று தெரியாமல் ஒட்டியவனும் நான்தான்.

டாங்கி ஒட்டுகிறவர்களுக்கு ஒரு செய்தி. உலகம் முழுக்க டாங்கி மாடலுக்குப் பெரும்பாலும் 35-இல் ஒரு பங்குதானே அளவு? ஜப்பானில் ஷிசுவோகா ஊரில் மரக்கடையாக ஆரம்பித்த தமியா கம்பெனி, அறுபதுகளின் தொடக்கத்தில் பாந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்க வேண்டும் என்று உடம்பை அமைத்தார்கள். அது கிட்டத்தட்ட 35-இல் ஒரு பங்காக அமைந்துவிட்டது. அதையே பிடித்துக்கொண்டார்கள், மற்ற கம்பெனிகளும் பின்னால் வந்தன. மில்லிமீட்டருக்குச் சண்டை போடும் நண்பர்களைக் கண்டால் எனக்கு அந்த பேட்டரிதான் நினைவுக்கு வரும்.

5. பெட்டி சேர்ப்பது மாடல் செய்வது ஆகாது.

ஒரு காலத்தில் கிட் கிடைப்பதே பாடு. பர்மா பஜாரில் சிங்கப்பூர்ச் சரக்கோடு எப்போதாவது ஒன்று வரும், பார்த்தால் வாங்கிவிட வேண்டும், அடுத்த வாரம் இருக்காது. அந்தப் பயம் உடம்பில் ஊறிப்போனது. பிறகு எல்லாம் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்தும் கை நிற்கவில்லை. 2015-இல் ஒரு நாள் மனைவி எண்ணிப் பார்த்து, "அறுபத்துமூவர் உற்சவத்துக்கு மயிலாப்பூர் போக வேண்டாம், நம்ம கட்டிலுக்கடியிலேயே இருக்காங்க" என்றாள். 63 பெட்டி. வருஷத்துக்கு மூன்று என்றாலும் இருபத்தொரு வருஷம். எனக்கு அப்போது அறுபத்தொன்று.

அந்த டிசம்பரில் வெள்ளம். தரைத்தளம், முழங்கால் அளவு தண்ணீர், இரண்டு நாள். பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகவில்லை, கழுவி வெயிலில் வைத்தால் புதுசு. ஆனால் மாடலில் ஒட்டும் சின்னங்கள் அச்சடித்த டீகால் என்பது தண்ணீரில் ஊறிக் கழன்று வருவதற்கென்றே செய்யப்பட்டது. பெட்டி பெட்டியாக அதன் வேலையை அது செய்துவிட்டது. அட்டை ஊறி, வழிகாட்டித் தாள் கூழாகி, மேலே குட்டிக் குட்டியாகச் சிவப்பு நட்சத்திரமும் கருப்புச் சிலுவையும் மூவர்ண வட்டமும் எல்லா நாட்டுப் படையும் ஒரே குட்டையில் மிதந்தன. அழுகை வரவில்லை. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதை யாரிடமும் சொல்லவில்லை. தப்பியதில் பதினொன்றை வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டேன்.

கையில் ஒன்று, காத்திருப்பில் இரண்டு. அதற்கு மேல் வாங்காதீர்கள். சொல்கிறேனே தவிர, வாங்குவீர்கள். குறைந்தது பரணில் வையுங்கள்.

6. ஆர்டருக்குச் செய்யாதீர்கள்.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் ஒரு தனியார் நிறுவனம் தன் ஆண்டு விழாவுக்கு ரயில் பெட்டி மாடல் பன்னிரண்டு கேட்டது. எல்லாம் ஒரே அச்சு, ஒரே நீலம். பணம் நல்ல பணம். முதல் பெட்டி சந்தோஷம், இரண்டாவது சுலபம், ஐந்தாவதில் கை தானாக ஓடியது, மனம் வேறெங்கோ இருந்தது. ஒன்பதாவதில் சக்கரத்தைத் திருப்பி ஒட்டினேன், திருத்தவும் தோன்றவில்லை. எட்டு மணி நேரம் இதைத்தானே முப்பத்தைந்து வருஷம் பணிமனையில் செய்தோம் என்று இருந்தது. பிழைப்புக்கு வேண்டுமென்றால் செய்யுங்கள், அதில் வெட்கம் இல்லை; ஆனால் வேறு மேஜையில், வேறு நேரத்தில்.

7. மாதம் பார்த்து வேலை செய்யுங்கள்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இது இருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் காற்று ஈரமாக இருக்கும்போது லாக்கர் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். சித்திரையில் அக்ரிலிக் அடித்தால் ஏர்பிரஷ் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். மழைக்காலத்தில் வெட்டுவது, ஒட்டுவது, பட்டி பார்ப்பது. தையிலிருந்து பங்குனிவரை வர்ணம். கெட்டுப்போன வர்ணத்தை உரித்தெடுக்கும் வேலைதான் ஆசையைச் சீக்கிரம் கொல்வது. டீகால் ஒட்டும் முன் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள். சொரசொரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி மாதிரி மின்னும்.

8. மனசு விட்டுப்போச்சு என்று முடிவு கட்டும் முன் கண்ணைக் காட்டுங்கள்.

இதைச் சிறியவர்கள் உங்கள் அப்பா, தாத்தாவுக்காகப் படித்து வையுங்கள். அறுபத்தைந்துக்கு மேல் எனக்கு அரை மணி நேரம் உட்கார்ந்தால் எரிச்சல் வந்தது. பாகம் கீழே விழுந்தால் தேட மனமில்லை. எல்லா நிறமும் ஒரே மந்தமாக இருந்தது. ஆசை போனதால் உலகம் இப்படி இருக்கிறது என்று நானே தத்துவம் பேசிக்கொண்டேன். 2021-இல் கண்புரை அறுவை செய்தார்கள். கட்டு பிரித்த மறுநாள் வீட்டுச் சுவர் வெள்ளையாக இருந்தது. அது யானைத் தந்த நிறம் என்று நினைத்து வருஷக்கணக்கில் வாழ்ந்திருக்கிறேன். அலமாரியைத் திறந்தேன். கடைசியாக நினைவிலிருந்து நிறம் கலந்து அடித்த மூன்று விமானங்களும் நீலம் பாரித்து நின்றன. மஞ்சள் படிந்த கண்ணுக்கு நீலம் போதாமல், ஊற்றி ஊற்றிக் கலந்திருக்கிறேன். தத்துவத்தில் பாதி கண்புரை.

மீதிப் பாதி நிஜம்தான். கண் தெளிந்ததும் ஆசை ஓடிவந்து மடியில் உட்காரவில்லை.

9. ஆசை போனால் மேஜையைக் கலைக்காதீர்கள், யாரிடமும் அறிவிக்காதீர்கள்.

"இனிமேல் இல்லை" என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டால், பிறகு தொடுவதற்கு வெட்கமாகிவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு கோபத்தில் ஏர்பிரஷ், கம்ப்ரசர், அரம், எல்லாவற்றையும் ஒரே நாளில் விற்றார். எட்டு மாதத்தில் இரு மடங்கு விலை கொடுத்து மறுபடி வாங்கினார். ஏர்பிரஷைப் பிரித்துக் கழுவி எண்ணெய் தொட்டு வையுங்கள். எனாமல் டப்பாக்களை இறுக மூடித் தலைகீழாக வையுங்கள், மூடி ஓரத்தில் காற்று புகாது. மேஜை மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திவிட்டு வேறு வேலை பாருங்கள். நான் அந்த இரண்டரை வருஷத்தில் மாடித் தோட்டம் போட்டேன், கத்திரி நன்றாக வந்தது.

10. ஆசை போன காலத்தில் போனில் அடுத்தவர் மாடலைப் பார்க்காதீர்கள்.

பசியில்லாதவன் கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்த மாதிரி.

11. திரும்பி வருவதென்றால் பின்வாசல் வழியாக வாருங்கள்.

2021 நவராத்திரி. ஊரடங்கெல்லாம் தளர்ந்து, பேத்தி ஊரிலிருந்து வந்திருந்தாள். "தாத்தா, கொலுவுக்குப் பார்க் போடணும்" என்றாள். மறுத்தால் வம்பு. பழைய தாம்பாளத்தில் மண் போட்டுக் கேழ்வரகு தெளித்தோம். மூன்றாம் நாள் புல். உடைந்த முகம்பார்க்கும் கண்ணாடி குளமானது. மரத்தூளில் பச்சை, காவி கலந்து பாதை. அட்டையில் ஒரு ரயில் நிலையம், பெரம்பூர் ஸ்டேஷன் என்று அவளே எழுதி ஒட்டினாள். எழுத்தில் "ர"வும் "ற"வும் மாறியிருந்தது.

72-இல் ஒரு பங்கு என்றால் ஆறடி ஆள் ஓர் அங்குலம். 76-இல் ஒரு பங்குக்காரர்களை அந்த வட்டாரத்தில் சேர்க்கவே மாட்டேன் நான், அத்தனை கறார். அன்றைக்கு என் ஓர் அங்குல விமானிக்குப் பக்கத்தில் அரை அடிச் செட்டியார் தன் மளிகைக் கடையோடு உட்கார்ந்தார். போலீஸ்காரர் பஸ்ஸைவிட உயரம். குளத்தில் வாத்து, வாத்தின் மேல் ஒரு தலையாட்டி பொம்மையின் நிழல். நாட் விமானத்தை நூலில் கட்டி மேலே தொங்கவிட வேண்டும் என்றாள். தொங்கவிட்டேன். எவ்வளவு உயரம் என்று கேட்டேன். "இடிக்காத உயரம்" என்றாள்.

பத்து நாளில் கலைத்துவிடப் போகிற ஒன்றுக்கு, ராத்திரி பதினொன்றரைவரை நான் ஸ்டேஷன் கூரையின் ஓட்டு வரிசையைக் கீறிக்கொண்டிருந்தேன். மறுநாள் வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்களுக்கு முன் முடிக்க வேண்டும். மணி பார்க்கவே இல்லை. பார்த்தபோது, மேஜை மேலிருந்த வேட்டியை எப்போது எடுத்தேன் என்று ஞாபகம் இல்லை. கூர்க்கத்தி தேவைப்பட்டிருக்கும்.

உங்களுக்குக் கொலு இல்லாமல் இருக்கலாம். பள்ளிக்கூடத்துப் பிராஜெக்ட், கிறிஸ்துமஸ் குடில், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சிறகொடிந்த பொம்மை, எது வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெரிய கனவு மாடலை மட்டும் அந்தச் சமயத்தில் திறக்காதீர்கள். நான் கொலு முடிந்த கையோடு, ஆசை வந்துவிட்டது என்று நம்பி எம்டன் பெட்டியைத் திறந்து, மறுபடி மூடிவைத்தேன். பிறகு ஒரு வருஷம் சின்னதாக, மலிவாக, வாரத்தில் முடிகிற விமானங்கள். பெட்டியில் உள்ளது உள்ளபடி, ஒன்றையும் மாற்றாமல்.

12. பழைய வேகம் வராது.

எனக்கு வரவில்லை. தலையணைக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கும் ஆசை பதினாலு வயதோடு போனது. அதற்கு ஏங்கி இரண்டு வருஷம் வீணாக்கினேன் என்றுகூடத் தோன்றுகிறது. இப்போது ராத்திரி எட்டரைக்கு உட்காருகிறேன். பத்தரைக்கு விளக்கை அணைக்கிறேன், காலை ஷிஃப்ட் எதுவும் இல்லாவிட்டாலும்.

13. எம்டன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள்.

இந்த ஆடியில் பெட்டியைத் திறந்தேன். நோட்டுப் புத்தகத்தைப் பேத்தியிடம் கொடுத்து ஒளித்து வைக்கச் சொன்னேன், எங்கே வைத்தாள் என்று நிஜமாகவே தெரியாது. உடல் ஒட்டியாயிற்று. நாலாவது புகைபோக்கியை என் பழைய கைக்குட்டையின் ஓரத்தை வெட்டிப் பசையில் நனைத்துச் சுருட்டினேன். உயரம் மற்ற மூன்றோடு நிறுத்திப் பார்த்து வைத்ததுதான். இப்போது ஐப்பசி, பிரைமர் அடிக்க முடியாது. தை வரட்டும். அதுவரை பீரங்கிகளை வெட்டித் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பத்தில் நாலு முடிந்திருக்கிறது, ஒன்று கட்டிலுக்கடியில் எங்கோ விழுந்து கிடக்கிறது. சனிக்கிழமை வரும்போது யாராவது ஒரு டார்ச் கொண்டு வாருங்கள்.